பெருநாள் தட்டை நிரப்பி அனுப்பியது நான்

அனுப்புநர்:
சிரீன் தலீலி,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
நாபல், துனீசியா.

பெறுநர்:
மாவட்டத் தொழிலாளர் ஆய்வாளர்,
நாபல்.

பொருள்: என் தாயார் திருமதி லம்யா கர்கூரி மீதான கையூட்டுக் குற்றச்சாட்டில் என்னையும் விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாயார் இவ்வூர்த் தக்காளி விழுது ஆலை ஒன்றின் முதுநிலைக் கொள்முதல் அலுவலர். தகர டப்பா, உப்பு, அட்டைப்பெட்டி எதுவானாலும் அவர் கையொப்பமின்றி ஆலைக்குள் வராது. விற்க வருவோரிடம் அவர் ஒரு காபிகூடக் குடிப்பதில்லை. ஏப்ரல் 29 முதல் பணியிடை நீக்கத்தில் உள்ளார்.

2. நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மாலை, அம்மா ஆலையில் இருந்தபோது, ஓட்டுநர் ஒருவர் ஒரு தட்டு பக்லாவா இனிப்பு கொண்டுவந்தார். யார் அனுப்பியது என்று கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சவங்கதான் பாப்பா. தட்டை மட்டும் குடுத்துரு, நிக்கிறேன்" என்றார். பெருநாள் தட்டை வெறுமையாகத் திருப்புவது எங்களிடம் வழக்கமில்லை. நாங்கள் சுட்ட கடலைமாவுப் பலகாரத்தை அடுக்கி, "உங்கள் அன்பை மறக்கமாட்டோம் – லம்யா" என்று சீட்டு எழுதி வைத்தேன். அண்டை வீடுகளுக்கும் அன்று அதையே எழுதினேன். வந்த இனிப்புகளையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிட்டதால் அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை.

3. அனுப்பியவர் டப்பா விற்பவர். அவருடைய மாதிரி டப்பாக்களில் அம்மா தக்காளி விழுதை நிரப்பிப் பத்து நாள் வைத்துப் பார்த்தார். உட்பூச்சு கொப்புளித்தது, நிராகரித்தார். அதன்பிறகே அந்த விற்பனையாளர் அச்சீட்டை ஆலை நிர்வாகத்திடம் கொடுத்தார். "நான் அனுப்பின பக்லாவாவைத் தின்னுட்டு இப்ப தகரத்துல குறை சொல்றாங்க" என்றாராம் அவர்.

4. சீட்டு உங்கள் வீட்டிலிருந்து வந்ததா என்று நிர்வாகம் கேட்டதற்கு, ஆம் என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "என் வாசலுக்கு வந்தது எனக்கு வந்ததுதான். உன்னை அங்க நிறுத்தி ஆளாளுக்குக் கேள்வி கேக்க விடமாட்டேன்" என்றார். ஆலையின் கொள்முதல் விதி நூலை முழுவதும் படித்தேன். குடும்பத்தார் பெற்ற அன்பளிப்பையும் மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் உள்ளது. தெரியாத ஒன்றை அவர் எப்படித் தெரிவித்திருக்க முடியும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

5. வரும் வியாழக்கிழமை விசாரணைக்கு என்னையும் அழைத்து, அதே வரியைத் தங்கள் முன்னிலையில் எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். அம்மாவுக்குச் சலுகை கேட்கவில்லை. பாத்திரத்தில் கொட்டும்முன் அந்தப் பக்லாவாவில் இரண்டு துண்டு தின்றதும் நான்தான். அவர் என் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

இடம்: நாபல்
நாள்: 6 மே 2024

உண்மையுடன்,
(ஒப்பம்)
சிரீன் தலீலி