இரண்டாவது குட்டு

காலையில் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்து அதிர்ச்சியைத் தாங்கும் ஃபோர்க்கைத் துடைத்தேன். சீலைத்துண்டில் எண்ணெய் மணந்தது. மணலும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. அது ஃபோர்க்குக்குள் இருந்து கசிந்ததா, நான் செயினுக்கு ஊற்றியதில் தெறித்ததா என்று தெரியவில்லை. நீ இருந்தால் ஒரு பிரேக்கில் சொல்லியிருப்பாய்.

அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஓம், நானே எழுதுகிறேன். நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு வாசிகசாலை வகுப்புக்குப் போய்ப் படித்த எழுத்து. ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சந்தோசம்! போன வரிக்கும் இந்த வரிக்கும் நடுவே எழும்பிப் போய் ஹாண்டிலை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். எண்ணெய் திரும்பவும் வந்த மாதிரி இருக்கிறது. வராத மாதிரியும் இருக்கிறது.

எத்தாளையிலிருந்து கருவாட்டு மூட்டையோடு நாம் புத்தளம் சந்தைக்குப் போகும்போது, பின்னால் இருந்து கடைப் பலகைகளை எனக்கு வாசித்துக்கொண்டே வருவாய். நடுவில் கழுதை குறுக்கே வரும். பிரேக் பிடிப்பேன். உன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக் என்று குட்டும். ஒரு குட்டு என்றால் ஒன்றும் சொல்லமாட்டாய். முன்பக்கம் தாழ்ந்து, எழும்பி, திரும்பவும் தாழ்ந்து இரண்டாவது குட்டு விழுந்தால் வாசிப்பு நின்றுவிடும்.

"ரெண்டு விழுந்திட்டு. ஃபோர்க்கைப் பாக்கக் குடுங்க. இல்லாட்டி நாளைக்கு நான் பஸ்ஸில போறன், நீங்க மூட்டையக் கட்டிப் புடிச்சிக்கிட்டுப் போங்க."

இத்தனை கிலோமீற்றருக்கு ஒருதரம் பார்க்கவேண்டும் என்று பைக்கோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்குமாம். நம்முடைய மணலும் உப்புக்காற்றும் அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. நமக்கு உன் தலைதான் கணக்கு.

இப்போது ஹாண்டில் ஆடுகிறது. நம்முடைய மகள் வேறு கதை சொல்கிறாள்.

"வாப்பா, பைக் நல்லாத்தான் இருக்கு. உங்கட கைதான் நடுங்குது. வித்துப்போட்டு வீட்டில இருங்க."

"கை நடுங்கினா இப்பிடி எழுதேலுமா? பாரு, 'கழுதை' எண்டு எழுதியிருக்கன்."

"அந்த 'ழ'வும் ஆடிக்கிட்டுத்தான் நிக்குது."

"அது புதுசாப் படிச்சவன்ட ஆட்டம், புள்ள."

சிரித்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரும்பு என்றால் மாற்றலாம். கை என்றால் என்ன செய்வது? இந்தப் பாதையை விட்டு வீட்டுக்குள் எப்படி இருப்பேன்? பேனையை வைத்துவிட்டு எழும்பினேன்.

சில வாரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். அன்றைக்கே மகளை உன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறச் சொன்னேன். "போர்ட் வாசிக்காம மெல்லமாப் போங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறினாள். பாலாவிப் பக்கம் ஒரு கழுதை நடுப்பாதையில் நின்றது. பிரேக் பிடித்தேன். டொக். முன்பக்கம் எழும்பித் திரும்பவும் தாழ்ந்தது. டொக்.

"ரெண்டு!" என்று கத்தினேன்.

"என்ன ரெண்டு? ஒரு கழுதைதானே நிக்குது! எனக்குத் தலை நோகுது, நீங்க சிரிக்கிறீங்க."

நேராகத் தில்லையடிக் கராஜுக்கு விட்டேன். ஃபோர்க்கைக் கழற்றிச் சாய்த்தபோது எண்ணெய் கறுத்து, தண்ணீராய் ஓடியது. எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தையும் மாற்றிப் புது எண்ணெய் ஊற்றினார்கள். திரும்பி வரும்போது, கழுதை இல்லாமலேயே பிரேக் பிடித்தேன். ஒரு குட்டு. அவ்வளவுதான். ஹாண்டில் ஆடவில்லை. அதைப் பிடித்திருந்த கையும் ஆடவில்லை.

மகளுக்கு உன் கணக்கை அப்போதுதான் சொன்னேன்.

"உம்மா எனக்கு இதச் சொல்லவே இல்லையே" என்றாள். பிறகு, "சரி, விக்க வேணாம். இடைக்கிடை நான் ஏறிப் பாக்கிறன். ரெண்டு விழுந்தா கராஜுக்கு, என்ன?"

"ஓம்" என்றேன்.

மற்ற நாட்களில் தனியாகத்தான் போகிறேன். பலகைகளை நானே வாசிக்கிறேன், மகளிடம் சொல்லிவிடாதே. பாதிச் சொல்லில் கடை பின்னால் போய்விடுகிறது. மீதியைத் திரும்பி வரும்போது வாசிக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வாசிப்பை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுக்கிறேன்.