பிரசை என்று எழுதியிருந்தீர்கள்

அண்ணே,

நேற்று மகள் வந்திருந்தாள். பேசிக்கொண்டே நகச்சாயப் புட்டியைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நகச்சாயத்தை மோந்து பார்த்து அழுகிற அம்மாவை அவள் எங்கே கண்டிருக்கப்போகிறாள்! நம் இதழுக்கு ஸ்டென்சில் தாளில் தட்டும்போது தப்பாக அடித்த எழுத்தை மூட ஒரு சிவப்புத் திரவம் வைத்திருந்தோமே, அதுவும் அச்சு அசலாக இதே வாடைதான். உங்களை வழியனுப்பிப் பத்து நாள்தான் ஆகிறது. புட்டியை மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எழுபதுகளின் நடுவில், ஆஸ்திரேலியாவில் இந்த டண்டினொங்கில் ஒரு தமிழ்க் குரல் கேட்டால் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் யார், எவர் என்று விசாரிப்போம். அப்படிக் கிடைத்தவர்தான் நீங்கள். யாழ்ப்பாணத்துக்காரர், பகலில் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு மாலையில் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு படித்தவர். நான் மதுரைக்காரி. கணவரின் வேலைக்காக வந்தபோது புடவைகளைக் குறைத்துக்கொண்டு தமிழ்த் தட்டச்சுப் பொறியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். நீங்கள் எழுத, நான் தட்ட, மாதம் ஒரு இதழ். நாலே தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் சமையலறைதான் அலுவலகம். "குசினியிலை இருந்து பேப்பர் வாறது உலகத்திலையே இஞ்சை மட்டும்தான்" என்பீர்கள். எதைக் கேட்டாலும் உங்களிடமிருந்து "ஓம்" தான் வரும். "ஆமான்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமாண்ணே? எப்பப் பார்த்தாலும் மந்திரம் ஓதுறீங்க!" என்று சீண்டுவேன். அதற்கும் "ஓம்" தான்.

அமெரிக்கா என்ற நாடு சின்னக் குழந்தையாக இருந்த காலத்தை நீங்கள் தொடராக எழுதினீர்கள். ராஜாவே வேண்டாம் என்று பிரிந்து வந்த பிறகும் அந்த நாட்டை பிரிட்டன் ஒரு நாடாக மதிக்கவில்லை. அதன் கடற்படை நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை மறித்து, மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனது. எங்கள் மன்னரின் மண்ணில் பிறந்தவன் சாகும்வரை எங்கள் மன்னருக்குத்தான் சொந்தம் என்றது. கடைசியில் அது போரில் போய் முடிந்தது. "ஒரு நாடு எப்ப நாடாகுது, தங்கச்சி? கொடி ஏத்தின உடனை இல்லை. தன்ரை ஆளை இன்னொருத்தன் பிடிச்சுக்கொண்டு போகேக்கை, அவன் எங்கடை ஆள் எண்டு சொல்லத் துணியேக்கைதான்" என்றீர்கள்.

அப்படிப் பிடித்துப் போகாமலிருக்க மாலுமிகளுக்கு அமெரிக்க அரசு ஒரு சீட்டுக் கொடுத்தது. உயரம், நிறம், தழும்பு எல்லாம் எழுதி, இவன் எங்கள் நாட்டவன் என்று உறுதி சொல்லும் சீட்டு. சுதந்திரமான கறுப்பு மாலுமிகளுக்கும் அது கிடைத்தது. அதே நாட்டில் அதே நாளில் அவர்கள் நிறத்து மனிதர்களைச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சட்டைப்பையில் மட்டும் அந்தத் தாள். அதை வாசித்துக் காட்டியபோது உங்கள் குரல் தழுதழுத்தது. ஏனென்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கட்டுரையில் நாட்டவன் என்பதற்கு இடத்துக்கு இடம் "பிரசை" என்று எழுதியிருந்தீர்கள். நான் சும்மா இருப்பேனா? பிரஜை என்றால் ராஜாவுக்கு அடங்கினவன். ராஜாவைத் துரத்திய நாட்டில் ஏது பிரஜை? போதாததற்கு அது வடசொல். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லா இடத்திலும் "குடிமகன்" என்று அடித்து, படியெடுக்கும் உருளையில் உருட்டி, மடித்து, அனுப்பியும்விட்டேன். நீங்கள் பார்த்து மெச்சுவீர்கள் என்று ஒரு நினைப்பு வேறு.

அடுத்த வாரம் பொங்கல் விருந்து. உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதழை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. குடிமகனைப் பற்றிக் குடிமகனே எழுதியிருக்கிறார்!" நாலைந்து பேர் சிரித்தார்கள். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். எப்போதும் விடைபெறும்போது சொல்கிற "போட்டு வாறன்" கூட இல்லை.

மூன்று ஞாயிறு நீங்கள் வரவில்லை. ஒரு சொல்லை மாற்றினதற்கு இவ்வளவு வீம்பா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே உங்கள் அறைக்கு வந்து கதவைத் தட்டினேன். "பிரஜைன்னா ராஜாவுக்கு அடங்கினவன்ணே. அதான் மாத்தினேன். அதுல என்ன குத்தம்?"

நீங்கள் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள். பிறகு, தணிந்த குரலில் சொன்னீர்கள்.

"எங்கடை ஊரிலை குடிமகன் எண்டால் ஆர் தெரியுமோ, தங்கச்சி? முடி வெட்டுற ஆள். கலியாண வீடோ செத்த வீடோ, கூப்பிட்ட உடனை போய் நிக்கவேணும். முன்வாசலாலை போகேலாது. என்ரை அப்பு குடிமகன். இஞ்சை வந்த பிறகு அந்தச் சொல் என்ரை காதிலை விழேல்லை. நல்லா நித்திரை கொண்டனான்."

நான் சிரித்தேனே, அண்ணே! ஆயுசுக்கும் என்னை விட்டுப் போகாத சிரிப்பு அது. அன்று "மன்னிச்சிருங்க" என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அழுததுதான் நினைவிருக்கிறது.

மறுஞாயிறு வந்தீர்கள். நீங்கள் முன்பே எழுதித் தந்திருந்த அடுத்த பகுதியை நான் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தேன். அதிலும் அதே சொல். ஒவ்வொன்றாக மூடிவிட்டு "பிரசை" என்று அடிக்கலாமென்று சிவப்புப் புட்டியைத் திறந்தேன். வாடை சமையலறை முழுக்கப் பரவியது. நீங்கள் ஸ்டென்சிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் வாசித்தீர்கள். பிறகு புட்டியை என் கையிலிருந்து வாங்கி மூடிவிட்டீர்கள்.

"அந்த மாலுமி தன்ரை சீட்டை ஒளிச்சு வைக்கேல்லை. மறிச்சவனுக்கு நேரை நீட்டினவன். நீங்கள் சொன்னதும் சரிதான், தங்கச்சி. பிரசை எண்டால் கீழ்ப்பட்டவன். நான் கீழ்ப்பட்டு இருந்தது காணும், இனிப் போதும். சொல்லை அழிக்காதேங்கோ. கீழை என்ரை முழுப்பேரையும் ஊரையும் போடுங்கோ."

அதுவரை தொடருக்குக் கீழே வெறும் முதலெழுத்துதான் இருக்கும். "வேண்டாம்ணே, பேசுவாங்க" என்றேன். "பேசட்டும்" என்றீர்கள். உங்கள் ஊர்ப் பெயரை அடிக்கும்போது என் விரல் இரண்டு தடவை தப்பான விசையில் விழுந்தது.

பேசத்தான் செய்தார்கள். இரண்டு வீடுகள் இதழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அந்தப் பெரியவர் உங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஆனால் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். "எங்கடை வீட்டுக்கு ரெண்டு தாங்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் வெளியே போய், கொல்லைப்புறத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தீர்கள்.

அடுத்த வருஷம் நகர மண்டபத்தில் உங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை. துணைக்கு என்னையும் என் கணவரையும் கூப்பிட்டீர்கள். கையில் தாளோடு படியிறங்கும்போது என் பக்கம் குனிந்து, "பாத்தீங்களே, இவ்வளவும் எழுதிப்போட்டுக் கடைசியிலை மகாராணிக்கு விசுவாசமா இருப்பன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டன்!" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எவ்வளவு நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு! அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள். உறையில் வைக்கக் கூடாதா, கசங்குமே என்றேன். நீங்கள் கேட்கவில்லை. பிறகுதான் எனக்கு அந்த மாலுமி நினைவுக்கு வந்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை யார் எழுதிய சொல்லையும் அவரைக் கேட்காமல் நான் தொட்டதில்லை, அண்ணே.

நீங்கள் கண்மூடிய மறுநாள் உங்கள் மகன் வந்தான். மரண அறிவித்தலைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். உங்கள் முழுப்பெயரை எழுதினேன். ஊரை எழுதினேன். அதற்குக் கீழே "அவுஸ்திரேலியக் குடிமகன்" என்று எழுதினேன். போனவன் சாயங்காலமே திரும்பி வந்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது; தாளில் அந்தச் சொல்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான்.

"சொந்தக்காரர் ஒராள் இதைப் பார்த்திட்டு, இந்தச் சொல் வேண்டாம், பிரசை எண்டு மாத்தச் சொல்றார், அன்ரி. ஏன் எண்டு கேட்டால் சொல்லமாட்டாராம். நீங்கள் எழுதின இந்தச் சொல் அப்பாவுக்கு ஓகேயா இருந்திருக்குமா?"

இத்தனை வருஷமாக உங்களைச் சீண்டிய மதுரைக்காரி வாயில் அந்த நேரம் "ஆமா" வரவில்லை, அண்ணே.

"ஓம்" என்றேன்.