இருபத்தெட்டாம் நாளுக்கு நூல்

சென்னை
9.8.2006, காலை 10 மணி

அன்பிற்குரிய பகவதிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் கட்டை என்றைக்கு அவிழ்த்தார்கள்? தேதியை எழுது.

என்னைப் பார்க்க வந்த இடத்தில் நம் மகள் ஆதிரா 30.7.2006 அன்று குறைமாதத்தில் பெற்ற இரட்டையர் இருவருக்கும் ரத்தத்தில் கிருமி என்று எழுதியிருந்தேன். இளையவன் துவண்டு கிடக்கிறான். ஆனால் நேற்றைய பரிசோதனையில் அவன் ரத்தம் தேறி வருகிறதாம். மூத்தவன் வாய்விட்டு அழுகிறான். "ஊரைக் கூட்டுகான் பாருங்கப்பா, அம்மைக்க தொண்டையாக்கும்" என்று உன் குரலைச் சொல்லி ஆதிரா சிரிக்கிறாள். ஆனால் மூத்தவனுடைய ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் மூன்று நாளில் தொண்ணூறாயிரத்திலிருந்து பதினான்காயிரத்துக்கு இறங்கிவிட்டன, ரத்தத்தில் லாக்டேட் என்கிற அமிலம் ஏறுகிறது. பிழைப்பது அரிது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். நான் அவளிடம் சொல்லவில்லை.

26.8.2006 அன்று இருபத்தெட்டாம் நாள். இடுப்பில் கட்டக் கறுப்பு நூல் கேட்கிறாள். ஒன்று மட்டும் வந்தால் புரிந்துகொள்வாள். ஆகவே இரண்டாகவே திரித்து, எனக்குக் கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாயும் சேர்த்து அனுப்பு. உன் பதிலை அவளும் வாசிப்பாள். தாளில் கண்ணீர் பட்டிருக்கக் கூடாது. எனக்கென்று தனியாக இரண்டு வரி என் அலுவலக விலாசத்துக்கு எழுது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நூல் இரண்டும் ஒரே நீளமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாராயணபெருமாள்