ஞாயிறு நான்கு மணிக் கூட்டம்

புரட்டாசி 23, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை.

அநியாயம் நடந்திருக்கிறது. எழுதி வைக்கிறேன். ஒன்பது வருடமாக ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஜமால் பேக்கரியில் நடந்த எங்கள் கம்ப்யூட்டர் நண்பர்கள் கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். தொடங்கியவன் நான். என்னைக் கேட்கவில்லை. போன் குழுவில் ஓட்டெடுப்பாம். அந்த நேரம் நான் வீரபாண்டியில் ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தபோது முடிவே வந்துவிட்டது.

கோகுலைக் கூப்பிட்டேன். வீட்டில் உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறவன். இப்போது அவன்தான் எல்லாம்.

"சண்டே பேமிலி டைமுங்கய்யா. புதன்னா எல்லாருக்கும் ஈசிங்க."

"எல்லாருக்கும்னா ஆரு கண்ணு? பனியன் கம்பெனியில இருக்கறவங்க?"

"அவங்க பர்மிஷன் போட்டு வரட்டுங்க."

ஷிப்மெண்ட் வாரத்தில் சூப்பர்வைசர் முன்னால் நின்று பர்மிஷன் கேட்டுப் பார்த்தவன் இப்படிப் பேசமாட்டான். இந்த ஊருக்கு விடுமுறை என்று ஒரே ஒரு நாள். அதனால்தான் ஞாயிறு வைத்தேன்.

இன்னும் உண்டு. இடம் அவினாசி ரோட்டில் கண்ணாடிக் கட்டிடம். பெயரை முன்பே பதிய வேண்டும். வாரம் ஒரு தலைப்பு, ஒரு பேச்சாளர். எங்கள் கூட்டத்தில் தலைப்பே கிடையாது. நாலு மேஜையை ஒட்டிப் போடுவோம். இந்த வாரம் எனக்கு எது ஓடவில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். சரிசெய்வோம், இல்லாவிட்டால் சிரிப்போம். டீ. கலைவோம். அவ்வளவுதான்.

குழுவில் நீளமாக எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். ஒன்றே ஒன்று.

குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

புரட்டாசி 26, ஞாயிறு

வெயில். பேக்கரிக்குப் போகவில்லை. போகக்கூடாது என்றே முடிவு. மேஜை காலியாகக் கிடந்தால்தான் அருமை தெரியும்.

மதியமே போனை அணைத்துவிட்டேன். கூப்பிட்டுக் கெஞ்சுவார்கள். கெஞ்சட்டும்.

சரசு கேட்டாள். "ஏனுங்க, மணி நாலாச்சு. சட்டை மாத்தலீங்களா?"

"போகல."

"ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்ல."

"அப்ப அந்த அலமாரியையாவது ஒழிச்சுக் குடுங்க. ஒம்போது வருசமாக் கேக்கறேன்."

ஒழித்தேன். கிடைத்தவை: நைந்த கேபிள் பதினொன்று. கவர் இல்லாத கீபோர்டு. மெஷின் கையேட்டை வரி வரியாக அகராதி வைத்துப் படித்த காலத்து நோட்டு, நாலு. எதையும் போட மனமில்லை. திரும்ப உள்ளேயே வைத்தேன். சரசு அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

இரவு போனைப் போட்டேன். கோகுல் கூப்பிட்ட தடம் இல்லை.

புரட்டாசி 30, வியாழன்

நேற்று அவர்களின் முதல் புதன். லேபிள் பிரிண்டிங் ரஃபி போட்டோ அனுப்பினார். "நீங்க இல்லாம நல்லால்லீங்க" என்று கீழே எழுதியிருந்தார். அவரும் போகவில்லை. ஏழு மணி வரை ஆர்டராம். போட்டோ அவருக்கு யாரோ அனுப்பியது.

எல்லோரும் ஒரே மாதிரி டீ-சர்ட். பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்துப் பட்டி, அதுதான் ரிப், இழுத்துக்கொண்டு நிற்கிறது. திருப்பூரில் இருந்துகொண்டு இப்படி ஒரு கழுத்து.

முகங்களைத் தேடினேன். ரஃபி இல்லை. துணியை அழுத்திச் சுருக்கும் காம்பேக்டிங் பட்டறை முருகேசன் இல்லை. கம்பெனியில் பீஸ் செக்கிங் பார்க்கும் பொன்னுத்தாய் இல்லை. கம்பெனிக்குள் நின்று வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லை. நான் சொன்னதே நடந்தது. மனதுக்குள் ஒரு திருப்தி. மறைப்பானேன்.

ஐப்பசி 2, ஞாயிறு

மழை. போகவில்லை. போன் அணைப்பு. தூங்கினேன்.

ஐப்பசி 7, வெள்ளி

நாளை மறுநாள் தீபாவளி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக முடியாது. மதுரைக்கும் தேனிக்கும் நெல்லைக்கும் பையும் பிள்ளையுமாக ஊரே நிற்கிறது. வடக்கத்திக்காரர்கள் போன வாரமே ரயிலேறிவிட்டார்கள். மெஷின் சத்தம் இல்லாத ஊர் எனக்குப் பிடிப்பதில்லை.

சரசுவுக்கு இருமல். கஷாயம்.

ஐப்பசி 15, சனி

சரசு ரொட்டி கேட்டாள். வேறு கடை திறக்கவில்லை. ஜமால் பேக்கரிக்கே போக வேண்டியதாயிற்று.

ஜமால் ரொட்டியைக் கட்டிக்கொண்டே, முகம் பார்க்காமல் பேசினார்.

"உங்க செக்கிங் அக்கா ரெண்டு ஞாயித்துக்கெழம வந்துச்சுங்க. பையில கம்ப்யூட்டர் வேற. அந்த மூல மேஜைல உக்காந்திருந்துச்சு."

"ஆரு, பொன்னுத்தாயா?"

"அவிங்கதானுங்க. நாலு மணிக்கு வந்து ஆறு மணி வரைக்கும். ஆளு வரமாட்டாங்க போல அக்கான்னு சொன்னேன். அண்ணாச்சி வராம இருக்க மாட்டாருன்னு என்னையவே அதட்டுச்சு. ரெண்டாவது வாரம் நல்ல மழைங்க. கம்ப்யூட்டரச் சேலைல சுத்திக்கிட்டு வந்துச்சு."

"எனக்கு ஒரு போன் போடக் கூடாதா?"

"உங்க சண்டைல நானெங்கீங்க வர்றது? அந்தக்காவே போட்டுதுங்க. சுவிட்ச் ஆப்."

ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீதிச் சில்லறையை வாங்கவில்லை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

பொன்னுத்தாயிடம் பட்டன் போன். குழுவில் கிடையாது. கூட்டம் உண்டா இல்லையா என்று சனிக்கிழமைதோறும் அவருக்குச் சொல்வது என் வேலை. கோகுலுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. நான் விலகிய அன்று அதையும் சேர்த்துக் கீழே போட்டிருக்கிறேன். நினைக்கவே இல்லை. இரண்டு சனிக்கிழமை, ஒரு தடவைகூட.

ஐப்பசி 16, ஞாயிறு

வேலம்பாளையம். பொன்னுத்தாய் குடியிருக்கும் லைன் வீடுகள். விசாரித்துத்தான் போனேன், ஒன்பது வருடத்தில் போனதில்லை. வீட்டில் பூட்டு.

வீட்டுக்காரம்மா வந்தார். "ஆரைத் தேடறீங்க சாமி?"

சொன்னேன்.

"அது ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்களே. அம்மா படுத்த படுக்கையாம். இனி வர்றது சந்தேகம்னுச்சு. ஏனுங்க, நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர்க்காரரா?"

"ஆமாங்க."

"அப்ப அந்தத் தண்ணி மெசேஜை எப்பங்க மறுபடி விடுவீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அங்கே கார்ப்பரேஷன் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் என்று கிடையாது. எல்லோரும் கம்பெனியில் இருக்கும்போது வந்து போய்விடும். பொன்னுத்தாய் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். குழாயில் தண்ணீரை முதலில் பார்ப்பவர் ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். உடனே நாற்பது வீட்டுக்கும் மெசேஜ் போகும். யாராவது ஒருவர் டீ நேரத்தில் ஓடிவந்து பிடித்துவைத்துவிட்டுப் போவார்கள். ஆவணியிலிருந்து ஓடியிருக்கிறது. பழைய லேப்டாப், ஒரு சிம் போட்ட டாங்கிள். எனக்குத் தெரியும், மூன்று மாதம் அந்த மூலை மேஜையில் அதோடுதான் மல்லுக்கட்டினார். முடித்தது தெரியாது.

"ஊருக்குப் போகையில உங்க கூட்டத்துல ஒப்படைச்சுட்டுப் போறேன், அவங்க ஓட்டிக்குவாங்கன்னுச்சு. தீவாளிக்கப்புறம் ஒரு மெசேஜும் வரலீங்க. நேத்து தண்ணி வந்து போயிருச்சு. பாதிப் பேரு புடிக்கல."

காலிக் குடங்கள் வாசலில் வரிசையாக. நான் சரிங்க என்றேன். பொன்னுத்தாயின் பட்டன் போன் நேற்றிலிருந்தே கிடைக்கவில்லை, அவர் தம்பி நம்பரை வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசி 17, திங்கள்

தம்பி போனில் பொன்னுத்தாய் கிடைத்தார். சங்கரன்கோவிலுக்குப் பக்கம் ஏதோ ஊர்.

"அண்ணாச்சி, நல்லாருக்கியளா? மேலுக்கு முடியலையோன்னு பயந்துட்டேன். வீடு எங்கன்னு தெரிஞ்சா வந்து பாத்திருப்பேன்."

மேலுக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"பின்ன எங்க போனிய ரெண்டு வாரமா?"

கோபம் என்றேன். யார் மேல் என்றார். சொன்னேன்.

சிரித்தார். "நல்ல கோவம். புதன்கெழமைக்காரவுகளும் நம்மள விட்டுட்டாவ, ஞாயித்துக்கெழமைக்காரவுகளும் விட்டுட்டாவ."

கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன்.

"பீரோ மேல கெடக்கு. இங்க தண்ணி தெனமும் வருது அண்ணாச்சி. அதுக்கு இங்க என்ன சோலி?"

உள்ளே அவர் அம்மா கூப்பிடும் குரல். வாரேன் என்றார். வைத்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

சரசுவிடம் சொன்னேன். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "உங்க ரோசம் உங்களோட போயிருந்தாச் சரிங்க" என்றாள். நான் சாப்பிடவில்லை.

ஐப்பசி 19, புதன்

தூறல். கண்ணாடிக் கட்டிடத்துக்குப் போனேன். பெயர் பதியவில்லை, கேட் செக்யூரிட்டி விடவில்லை. கோகுல் இறங்கி வந்தான். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். என் பங்கையும் சொன்னேன். அவன் டீ-சர்ட் ஓரத்தைத் திருகிக்கொண்டே, "எங்களுக்குத் தெரியாதுங்கய்யா" என்றான். தெரிந்துகொள்வதுதான் கூட்டம் நடத்துகிறவன் வேலை. அவனுக்கும் எனக்கும்.

மேலே வாங்க என்றான். போகவில்லை. புதன் தப்பு. இன்றும் சொல்கிறேன்.

ஆக வேண்டியவை:

ஞாயிறு நான்கு மணி மறுபடி. ஒருவர் வந்தாலும் கூட்டம்தான். நான்.

புதன் வேண்டுமானால் நடத்தட்டும். ஆனால் குழுவில் இரண்டையும் போட வேண்டும். கோகுல்.

பட்டன் போன்காரர்கள் பட்டியல், மூன்று பிரதி. எனக்கொன்று, ரஃபிக்கு ஒன்று, ஜமால் கல்லாவில் ஒன்று. எழுதுவது ரஃபி, என் கையெழுத்து யாருக்கும் புரியாது.

நாற்பது வீட்டு நம்பர் வாங்குவது. முருகேசன், அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

தண்ணீர் மெசேஜ் ஓடுவதற்கு ஒரு மெஷின், கரண்ட் போகாத இடம். கோகுல். அவர்கள் கண்ணாடிக் கட்டிடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது.

அதுவரை குழாயைப் பார்த்து ஆட்களுக்குச் சொல்வது. வீட்டுக்காரம்மா, சம்மதித்தால். கேட்பது நான்.

லேப்டாப்பைக் கொண்டுவருவது. பார்சலில் வேண்டாம், உடையும். சங்கரன்கோவிலுக்கு நேர் பஸ் உண்டா என்று விசாரிக்க வேண்டும். நான்.

பொன்னுத்தாயிடம் மன்னிப்பு. போனில் கேட்கவில்லை. வாய் வரவில்லை. நேரில், அவர் அம்மா கட்டில் பக்கத்தில் நின்றாவது. நான். வேறு யாரும் இல்லை.