சாலைக்கு மேற்குப் பக்கம்

அன்புள்ள முரியல்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான், கொஞ்சம் அசதி.

இந்த ஊரின் நடுச்சாலைதான் மாகாண எல்லை: மேற்கே ஆல்பர்ட்டா, கிழக்கே சஸ்காட்சுவான். எனக்கு ஆல்பர்ட்டாவில் மட்டுமே பேச்சுப் பயிற்சி தர உரிமம் உண்டு. சஸ்காட்சுவான் உரிமம் மூன்று மாதமாக வரவில்லை. பக்கவாதத்தில் பேச்சிழந்த ஓரெஸ்டின் வீடு கிழக்குப் பக்கம். அவரால் மேற்கே உள்ள என் கிளினிக்கின் படியேற முடியாது. வீட்டுக்கு வர அனுமதியில்லை என்றேன்.

"ரோட்டைத் தாண்டினா படிச்சதெல்லாம் மறந்துடுமா சார்?" என்றார் அவர் மனைவி வெர்னா.

செவ்வாயன்று கொட்டும் பனியில் அவரே கணவரை டிரக்கில் கொண்டுவந்து மேற்குப் பக்கம் நிறுத்தினார். "இப்ப ஆல்பர்ட்டாவுலதான் இருக்காரு. ஏறுங்க."

சாலைப் பலகையை இரண்டு முறை பார்த்துவிட்டே ஏறினேன். நாற்பது நிமிடம் கழித்து ஓரெஸ்ட், "வெர்னா" என்றார்.

"இதச் சொல்ல இத்தனை நாளா, கிழவா?" என்று திட்டிவிட்டு, வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கொஞ்சம் துணிந்திருந்தால் அதை ஓரெஸ்ட் தன் சமையலறையிலேயே, முன்பே சொல்லியிருப்பாரோ?

என் மேசையின் இரண்டாம் இழுப்பறையிலுள்ள அசல் சான்றிதழை அனுப்பு, சஸ்காட்சுவான் உரிம அலுவலகத்தில் மறுபடி கேட்கிறார்கள். சாம்பல் நிற மஃப்ளரும் வேண்டும். ஞாயிறன்று போனில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. இங்கே எல்லாருக்கும் நான் சார்தான்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

லாக்லன்