பதினேழாம் எண் கதவு

மார்ச் 3

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன என் அன்பு மனைவிக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். போனையும் எடுப்பதில்லை, அதனால்தான் காகிதம்.

நாம் விலைக்கு எடுத்த டாக்டரின் பழைய வீட்டில் கதவு, நிலைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை இடிக்கிற எந்திரம் வந்துவிடும். அதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது. நீ செய்வதுபோலவே கதவுக்கும் அதன் நிலைக்கும் ஒரே எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதினேன். ஆனால் நிலையின் எண்ணை மரத்தில் எழுதாமல், பக்கத்துச் சுவரில் எழுதித் தொலைத்தேன். நிலைகள் நம் கிடங்குக்கு வந்துவிட்டன. எண்கள் சுவரிலேயே நிற்கின்றன. பதினேழு கதவு, பதினேழு நிலை. எதற்கு எது என்று தெரியாமல் முழிக்கிறேன். லாரிக்காரர், "அண்ணே, சுவரையும் சேர்த்து ஏத்திடலாமா?" என்று சிரிக்கிறார்.

என்ன செய்யட்டும்?

உன் கணவன்

மார்ச் 7

அவசரத்துக்குப் பிறந்தவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கடிதத்தைப் படித்து அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்காகக் கோபம் தீர்ந்ததென்று நினைக்க வேண்டாம்.

கீல் பதித்த பள்ளங்களைப் பாருங்கள். தச்சர் உளியால் செதுக்கியவை, ஒன்றைப்போல ஒன்று இருக்காது. கதவில் அந்தப் பள்ளங்களின் இடைவெளியை ஒரு குச்சியில் குறித்து, ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் பாருங்கள்.

பதினோரு வருஷமாக வாடகை அறையில் இருந்துகொண்டு ஊரார் வீட்டுக்கெல்லாம் கதவு கொடுக்கிறோம். நம் வீட்டுக்கென்று நான் எடுத்துவைத்ததையெல்லாம் விற்றீர்கள். அந்தப் பச்சைக் கண்ணாடி ஜன்னலையாவது விட்டிருக்கலாம். "வேற ஜன்னல் வராதா என்ன?" என்றீர்களே, அதுதான் ஆறவில்லை. நாம் வீடு கட்டவே போவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 15

அன்பு மனைவிக்கு,

குச்சி வேலை செய்தது. பதினேழும் ஜோடி சேர்ந்துவிட்டன.

ஜன்னலைத் திருப்பிக் கேட்கலாமென்று வாங்கியவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் பதித்துப் பூசியாகிவிட்டது. அவருடைய மகள் அதன் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கேட்க வாய் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். தப்பு என்னுடையதுதான். மன்னித்துவிடு.

பதினேழாம் எண், டாக்டர் வீட்டு முன்வாசல் கதவு. நேற்று ஒருவர் ஆசையாகக் கேட்டார். "அது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் போன கையோடு, நாம் வாங்கிப் போட்டுப் புல் முளைத்துக் கிடக்கும் மனையில் அதன் நிலையை நட்டுவிட்டேன். சுவரில்லை, கூரையில்லை, நிலை மட்டும் நிற்கிறது. டீக்கடைக்காரர், "வீடு எங்கப்பா?" என்றார். "பின்னால வருது" என்றேன்.

கதவை இன்னும் மாட்டவில்லை. ஒருவர் பிடிக்க, ஒருவர் முடுக்க வேண்டும்.

உன் கணவன்

மார்ச் 19

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மூன்று தடவை படித்தேன். அழுகை வந்துவிட்டது. அக்கா, "அழுதது போதும், போய்க் கதவைப் பிடிடி" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை தனியாகத் தூக்கிப் பார்க்க வேண்டாம், இடுப்புப் பிடித்துக்கொள்ளும். நிலையைத் தெருப்பக்கம் பார்த்துத்தானே நட்டீர்கள்? உங்களை நம்ப முடியாது.

சுவர் எழும்பட்டும். இந்தச் சுவரில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி