ஆம்பூர் கிணற்றுத் தண்ணீர்

பாஸ்டன்
8-3-1981

அமிர்தம்,

இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழித்துவிடாதே, முழுக்கப் படி.

இத்துடன் வைத்திருக்கும் கட்டுரையைப் பார். செல்லின் மேல் ஒட்டியிருக்கும், கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருளும் ரத்தத்தில் மிதப்பதும் ஒரே மரபணுவிலிருந்துதான் வருகின்றனவாம். வால் மட்டும் வேறு. ஒரு வால் செல்லின் சவ்வைப் பிடித்துக்கொள்கிறது. மற்றது பிடிக்காமல் ரத்தத்தோடு போய்விடுகிறது. மரபணுவின் வரிசையை எழுத்தெழுத்தாகப் படித்தே சொல்லிவிட்டார்கள்.

1959 மே நினைவிருக்கிறதா? வேலூரில் நம் ஆய்வகக் குழாய் வறண்டு, ஆம்பூரிலிருந்து முக்தார் அண்ணன் தோல் லாரியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அனுப்பினாரே! ஜெல்லில் முயலின் மண்ணீரல் செல்லுக்கு ஒரு கோடு, அதன் ரத்தத்துக்கு ஒரு கோடு. இரண்டும் ஒரே பொருளானால் கோடுகள் சேர்ந்திருக்கும்; சேரவேயில்லை. நீ "தோல்ஷாப் உப்பு" என்று, தோல் பதனிடும் உப்பு கிணற்றில் இறங்கியதாக எழுதி, நம் ஆய்வு நோட்டின் பக்கத்தையே அடித்தாய். "எங்க கிணத்து மேல இன்னாடி உனக்குக் கோவம்?" என்று கத்திவிட்டு வந்தவள்தான் நான்.

அந்த நோட்டை அனுப்பு. முதலில் பார்த்தது நாம் என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும்.

மஹ்பூபி

வேலூர்
2-4-1981

மஹ்பூபி,

உறையிலேயே உன் கையெழுத்து தெரிந்தது. எனக்கு நாற்பத்தெட்டாகிறது. கண்ணாடி தடித்துவிட்டது, வேறொன்றுமில்லை.

கட்டுரையைப் படித்தேன். அவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். நம்முடையதை நம்பமாட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தோமே தவிர, உப்பு நீங்க ஆவியாக்கி வடிக்கவில்லை. உப்பிருந்தால் வெறும் ஜெல்லிலும் கோடு விழும்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துவந்து சோதிக்க, ஞாயிறன்று பாட்டிலோடு ஆம்பூர் போனேன். முக்தார் பாய் சிரித்தார். "இப்போ ஆட்டுக்குக்கூட இத வைக்கிறதில்லம்மா. அப்போ இன்னா இனிப்பு! டீயே அதுலதான் போடுவோம்."

ஆக, அன்றைய தண்ணீரை இனி யாராலும் மொண்டு வர முடியாது. உன்னிடமும் நிரூபணமில்லை, என்னிடமும் இல்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் கீழே இரண்டு கையெழுத்து. நம் வழக்கம் அதுதானே. அந்தப் பக்கத்தில் மட்டும் என்னுடையது ஒன்று. உன்னைக் கேட்காமல் அடித்திருக்கிறேன். அது முறையில்லை.

அடித்ததற்குப் பக்கத்தில் "தெரியாது" என்று எழுதி இன்றைய தேதி போட்டிருக்கிறேன். உன் இடம் காலியாக இருக்கிறது. நோட்டைத் தபாலில் அனுப்ப மனமில்லை.

அமிர்தவள்ளி

பாஸ்டன்
20-4-1981

அமிர்தம்,

உன் வாயிலிருந்து "தெரியாது"! அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே யாருக்கும் காட்டப்போவதில்லை. ஆனால் அந்த இரண்டு கோடுகளையும் நான் இன்னும் நம்புகிறேன். மிச்சச் சண்டை நேரில்.

ஜூன் 12, காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடியில் இறங்குகிறேன். பேனா என்னிடம் இருக்கிறது.

மஹ்பூபி